மூக்கு பி-ஒன், காது பி-ஃபோர்

அவசரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் காது, மூக்கு, தொண்டை பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. பாடத்தில் உள்ளதை நீங்கள் என்னைவிடப் புதிதாகப் படித்திருப்பீர்கள், அதனால் அதைத் தொடப் போவதில்லை. நான் ஒரு மத்தியான நேரத்தில் எப்படிச் சொதப்பினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே படியுங்கள். நானும் அன்று சிரித்தேன், தப்பு நடந்ததே அந்தச் சிரிப்பினால்தான்.

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவள், வீடு ஹப்சிகுடாவில். முதலில் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் இருந்தேன். பிள்ளைகள் மூக்கில் பட்டாணி, காதில் மொச்சை என்று அங்கேயும் ஒரு மொத்த வியாபாரம் நடந்தது. பிறகு ஊரில் பாதிப் பேர் கச்சிபௌலிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தபோது நானும் போனேன். ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி தன் வளாகத்துக்குள்ளேயே அவசர சிகிச்சை கிளினிக் ஒன்று வைத்திருந்தது. நாலாயிரம் பேர் காலையிலிருந்து காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏ.சி. காற்றில் உட்கார்ந்திருக்கிற இடம். ஈ.என்.டி. டாக்டருக்கு அங்கே பஞ்சமில்லாமல் வேலை இருந்தது.

அந்தக் கம்பெனியில் கிளினிக்கை எந்தத் துறையில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏ.சி., லிஃப்ட், கான்டீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் துறையிலேயே எங்களையும் சேர்த்துவிட்டார்கள். அங்கே எதற்கும் வாயால் சொல்ல முடியாது, கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட் போட வேண்டும். மூன்றாவது மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு டிக்கெட் வரும், அதற்கடுத்து நான்காவது மாடியில் ஒருவருக்கு மூக்கு ஒழுகுகிறது என்று ஒன்று வரும். இரண்டையும் ஒரே ஹெல்ப்டெஸ்க்தான் பிரித்து அனுப்பும். இரண்டு தடவை பிளம்பர் என் கிளினிக்குக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. பி-ஒன் என்றால் தலைபோகிற அவசரம். உடனே ஒரு டெலிபோன் கூட்டம் திறப்பார்கள், அதற்கு பிரிட்ஜ் என்று பெயர். சம்பந்தப்பட்டவர், சம்பந்தமில்லாதவர் எல்லாரும் அந்த லைனில் ஏறிக்கொண்டு கால் மணிக்கு ஒரு தரம் நிலவரம் சொல்ல வேண்டும். பி-ஃபோர் என்றால் ஐந்து வேலை நாளுக்குள் ஆற அமரப் பார்க்கலாம். எந்த நோயாளிக்கு என்ன நம்பர் என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை. ஹெல்ப்டெஸ்க் தீர்மானிக்கும்.

எனக்குத் துணை சரோஜா சிஸ்டர். செகந்திராபாத்துத் தமிழ்க் குடும்பம், வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தோடு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர் தமிழில் உருது தாராளமாகக் கலந்திருக்கும், ஏன் என்பதற்கு ‘கைக்கு’, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’. என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னைவிட இரண்டு மடங்கு நிதானம்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கம்பெனியின் வைஸ் பிரசிடென்டுக்கு மூக்கில் ரத்தம். மூன்று மணிக்கு அமெரிக்காவிலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், அவர் வாசலில் நின்று வரவேற்க வேண்டும். சட்டை முழுக்கச் சிவப்பு. கூடவே ஏழு பேர். ஒருவர் உச்சந்தலையில் ஐஸ் வைத்து அழுத்துகிறார். ஒருவர் கான்டீனிலிருந்து வெங்காயத்தை வெட்டிக் கொண்டுவந்து முகரச் சொல்கிறார், ரத்தம் வருகிற மூக்கால் எப்படி முகர்வது என்று அவர் யோசிக்கவில்லை. ஒருவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்திருக்கிறார். ரத்தமெல்லாம் தொண்டைக்குள் போய் வைஸ் பிரசிடென்ட் குமட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் லேப்டாப்பைத் திறந்து பி-ஒன் போட்டுவிட்டார். மூக்குக்கு பிரிட்ஜ் திறந்தாகிவிட்டது.

“தலையை நிமிர்த்தாதீங்க! முன்னால குனிய வைங்க. எல்லாரும் வெளிய போங்க,” என்று கத்தினேன். யாரும் போகவில்லை.

இதற்கு வைத்தியம் உங்களுக்குத் தெரியும். முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். விடாமல் என்பதுதான் வைத்தியமே. ஆனால் வி.பி. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்கை விட்டுவிட்டு பிரிட்ஜில் பேசினார். விட்ட மாத்திரத்தில் ரத்தம் வரும். நான் மறுபடி முதலிலிருந்து மணி பார்ப்பேன். மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய், அவர் மூக்கை நானே பிடித்துக்கொண்டேன். ஒரு வைஸ் பிரசிடென்டின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. ஸ்பீக்கர் போனில் ஒரு குரல், “டாக்டர், ரூட் காஸ் என்ன?” என்று கேட்டது. ரூட் காஸ் வி.பி.யின் சுட்டுவிரல் நகத்தில் இருந்தது, நான் பார்த்துவிட்டேன். “உள்ளே ஏதோ உராய்வு,” என்று சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் சரோஜா சிஸ்டர் அடுத்த டிக்கெட்டை வாசித்தார். பி-ஃபோர். “ரைட் சைடு ஆடியோ வரவில்லை. ஹெட்செட் மூன்று முறை மாற்றப்பட்டது. ஹெட்செட்டில் குறை இல்லை. யூசரைச் சரிபார்க்கவும்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வி.பி.யும் சிரித்தார். மறுபடி ரத்தம் வந்தது.

டிக்கெட்டுக்கு உரியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். செந்தில் என்று பெயர், கரூர்க்காரர், இருபத்தாறு வயது. இந்தக் கூட்டத்தில் தான் வந்ததே தப்போ என்கிற மாதிரி ஒதுங்கி நின்றார். “வாங்க தம்பி, பக்கத்துல உக்காருங்க,” என்றேன். இடது கையில் மூக்கு. வலது கையில் காது பார்க்கிற விளக்கை எடுத்து அவர் வலது காதுக்குள் பார்த்தேன். பழுப்பாக அழுக்கு இருந்தது. நாள் முழுக்க ஹெட்செட் போடுகிற காதில் அழுக்கு இல்லாமல் சந்தனமா இருக்கும்?

“அழுக்கு அடைச்சிருக்கு. சொட்டு மருந்து தர்றேன். அஞ்சு நாள் விட்டுட்டு வாங்க, கழுவிடலாம்.”

“சரிங்க மேடம். நானும் நாலு மணி ஷட்டில்ல கெளம்பி ஊருக்குத்தானுங்க போறேன். அக்கா கொழந்தைக்கு ஞாயித்துக்கெழமை காதுகுத்துங்க.”

“ரொம்ப நல்லது. போயிட்டு வாங்க.”

அவர் எழுந்தார். பிறகு தயங்கினார். “வந்துங்க மேடம்... தரை கூடக் கொஞ்சம்...”

“வெறும் அழுக்குதான் தம்பி, பயப்படாதீங்க.”

மேஜை டிராயரில் டியூனிங் ஃபோர்க் இருந்தது. அதைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். ஆனால் அதற்கு ஒரு கை வேண்டும், என் கை மூக்கில் இருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. மூக்கை சிஸ்டரிடம் கொடுத்திருக்கலாம், அது எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணில் பட்ட அழுக்கைக் குற்றவாளி ஆக்கிவிட்டு டிக்கெட்டை மூடச் சொன்னேன்.

ஒருவழியாக மூக்கு அடங்கியது. சின்னதாகப் பஞ்சு வைத்து, வேறு சட்டை வரவழைத்து வி.பி.யை அனுப்பினேன். கூட்டமும் அவர் பின்னால் போனது. வெங்காயம் மட்டும் மேஜையில் கிடந்தது. சரோஜா சிஸ்டர் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“டாக்டரம்மா, அந்தப் புள்ள கைக்கு அப்படி முழிக்கிறான்?”

“எந்தப் புள்ள?”

“அதான், ஹெட்செட் புள்ள. சொட்டு மருந்து வாங்கிக்கோன்னு இந்தக் கதவாண்ட நின்னு கூப்பிடுறேன், அவன் அந்த செவுத்தப் பாக்குறான். ரெண்டு வாட்டி. எங்கேந்து சத்தம் வருதுன்னே தெரியல அவனுக்கு. வெறும் அழுக்குக்கு இப்படி இருக்குமா?”

டிக்கெட்டைத் திறந்து, மேலோட்டமாகப் பார்த்து மூடியதை அடியிலிருந்து படித்தேன்.

திங்கள், காலை ஒன்பது பத்து. வலது பக்க ஒலி திடீரென்று நின்றது. ஞாயிறு வரை நன்றாக இருந்தது. ஹெட்செட் மாற்றப்பட்டது. திங்கள், மாலை. லைனில் ‘உஸ்’ என்று தொடர்ந்து இரைச்சல் இருப்பதாக யூசர் சொல்கிறார். லைன் சோதிக்கப்பட்டது, இரைச்சல் இல்லை. செவ்வாய். நாற்காலியிலிருந்து எழும்போது தரை ஆடுவதாக யூசர் சொல்கிறார். தரைப் பலகை கழற்றி மாட்டப்பட்டது. புதன். மூன்றாவது ஹெட்செட். போன் இணைப்பு சோதனைக்காகக் கழற்றப்பட்டுள்ளது. வியாழன். ஹெல்ப்டெஸ்க் மேற்பார்வையாளர் தானே ஹெட்செட்டைப் போட்டுப் பார்த்தார், நன்றாகக் கேட்கிறது. யூசரைச் சரிபார்க்கவும்.

என் முப்பது வருஷ வேலையில் இவ்வளவு சுத்தமான நோய்க் குறிப்பை எந்த ஹவுஸ் சர்ஜனும் எழுதித் தந்ததில்லை. ஒரே காது, திடீரென்று, மணி நிமிஷத்தோடு. காதில் இரைச்சல். தலைசுற்றல். உள்காது நரம்பு திடீரென்று செத்துப்போகிற நோய். ஸ்டீராய்டு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்குத் திரும்பி வர வாய்ப்பு. மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது. நான் இன்னும் ஐந்து நாளைச் சொட்டு மருந்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்து, கரூருக்கு அனுப்பியிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களையாவது மன்னிக்கலாம். நான் வெண்ணெயைப் பார்த்துச் சிரித்தவள்.

மணி மூன்று இருபது. அவருடைய எக்ஸ்டென்ஷனுக்குப் போட்டேன். அடிக்கவில்லை, அதைத்தான் சோதனைக்குக் கழற்றி வைத்திருக்கிறார்களே. டிக்கெட்டில் செல்போன் நம்பர் இல்லை. ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டேன்.

“மேடம், அந்த டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு. நீங்கதான் க்ளோஸ் பண்ணச் சொன்னீங்க.”

“திரும்பத் திறங்க.”

“யூசர்தான் திறக்க முடியும் மேடம்.”

“யூசருக்குக் காது கேக்கலப்பா!”

“அப்ப அவரை மெயில் போடச் சொல்லுங்க மேடம்.”

சிஸ்டரை ஷட்டில் நிற்கிற இடத்துக்கு ஓடச் சொன்னேன். அங்கே நாலு மணிக்கு ஆறு வண்டி, அறுநூறு பேர். நான் ஃபோர்க்கை எடுத்துக்கொண்டு செந்தில் வேலை செய்கிற கூடத்துக்கு நடந்தேன், நடந்தேன் என்பது கௌரவத்துக்காக. அந்தக் கூடம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலை நடக்கிற இடம். உள்ளே செல்போன் கூடாது, பை கூடாது, லிஸ்ட்டில் இல்லாத எதுவும் கூடாது. வாசலில் செக்யூரிட்டி ஃபோர்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதி ஏமிட்டி மேடம்?”

“காது பாக்குற கருவி.” மேஜையில் தட்டிக் காட்டினேன். ‘ங்ங்’ என்றது. அவர் ஓர் அடி பின்னால் போனார்.

“சவுண்ட் வருது. எலெக்ட்ரானிக் ஐட்டம். கேட் பாஸ் காவாலி, பாஸ் வேணும். ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?”

“சரி, இது வேண்டாம். உள்ள இருக்குற ஒருத்தரை மட்டும் கூப்பிடுங்க.”

“விசிட்டர்ஸ் உள்ள இருக்காங்க மேடம். டோர் மூடியாச்சு. இப்ப யாரையும் கூப்பிடக் கூடாது.”

மணி மூன்று முப்பத்தைந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது, நான் ஒரு இரும்புக் கவைக்குப் பாஸ் கேட்டு நிற்கிறேன். அழுகையோடு ஒரு யோசனையும் வந்தது. மூக்குக்குத் திறந்த பிரிட்ஜை மூடியிருக்க மாட்டார்கள். பி-ஒன் அடங்கிய பிறகும் ஒரு மணி நேரம் கண்காணிப்பு என்பது அவர்கள் விதி.

செக்யூரிட்டியின் மேஜை போனிலிருந்தே அந்த நம்பருக்குப் போட்டேன். லைனில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

“யார் ஜாயின் பண்ணது?”

“டாக்டர்.”

“டாக்டர், மூக்கு ஸ்டேட்டஸ்?”

“மூக்கு நல்லா இருக்கு. ஆனா இன்னொரு யூசரும் பாதிக்கப்பட்டிருக்கார். காது.”

“மூக்குக்கும் காதுக்கும் டிபென்டென்சி இருக்கா டாக்டர்?”

“இருக்கு. உள்ள ஒரு குழாய் போகுது.”

அது பொய்யில்லை, நீங்களே படித்திருக்கிறீர்கள். ஆனால் அன்று நான் சொன்ன அர்த்தத்தில் அது சுத்தப் பொய். லைனில் இருந்த அத்தனை பேரும் தங்கள் நோட்டில் குழாயை எழுதிக்கொள்வது எனக்குக் கேட்டது. அப்போது பஞ்சு வைத்த மூக்கோடு ஒரு குரல் வந்தது. “அந்த யூசரை உடனே லைன்ல கொண்டு வாங்க.” வி.பி.தான். வாடிக்கையாளர்களோடு நடந்துகொண்டே லைனில் இருந்திருக்கிறார்.

மூன்று நாள் ஹெட்செட் மாற்றிக்கொண்டிருந்த கம்பெனி, நான்கு நிமிஷத்தில் செந்திலைப் பக்கத்து மேஜை ஹெட்செட்டில் லைனுக்குக் கொண்டுவந்தது.

“செந்தில், டாக்டர் பேசறேன். வாயை மூடிக்கிட்டு ‘ம்ம்ம்’னு நீளமா முனகுங்க.”

“இப்பவேங்களா மேடம்? இங்க எல்லாரும் இருக்காங்க.”

“இப்பவே.”

முனகினார். கல்யாணப் பந்தலில் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி ஒரே சீராக வந்தது. உடனே பிரிட்ஜில் ஒருவர், “லைன்ல ஏதோ டிஸ்டர்பன்ஸ், எல்லாரும் மியூட்ல போங்க ப்ளீஸ்,” என்றார்.

“அது டிஸ்டர்பன்ஸ் இல்ல, அதுதான் பேஷண்ட்,” என்றேன். “செந்தில், அந்தச் சத்தம் எந்தக் காதுல பெருசாக் கேக்குது?”

ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும். அழுக்கு அடைத்திருந்தாலும் அப்படித்தான். செந்தில் மட்டும் ‘வலது காதுல’ என்று சொல்லிவிட்டால் போதும், நான் ஒரு கேலிக்குரிய கிழவியாக வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிப் போக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

“எடது பக்கம் மட்டுந்தானுங்க மேடம். வலது பக்கம் ஒண்ணுமே இல்லீங்க.”

அழுக்கு இல்லை, நரம்புதான்.

“ஹெட்செட்டைக் கழட்டி வச்சிட்டு வெளிய வாங்க. இன்னிக்கு ஊருக்குப் போகக் கூடாது.”

“காதுகுத்துங்க மேடம். நான் தாய்மாமனுங்க. என் மடியில உக்கார வெச்சுத்தானுங்க குத்தோணும்.”

“தாய்மாமன்னா என்ன ரோல்?” என்று லைனில் யாரோ கேட்டார். “கிரிட்டிகல் ரோல்,” என்று யாரோ ஒரு தமிழர் பதில் சொன்னார்.

செந்தில் வெளியே வந்தார். செக்யூரிட்டி ஃபோர்க்கைத் திருப்பிக் கொடுத்தார். அங்கேயே வாசலில் நிற்க வைத்து நெற்றியில் வைத்தேன். இடது காதில்தான் கேட்டது. வி.பி. தன்னுடைய காரை அனுப்பினார், அவரைப் பற்றி நான் சொல்லும் கிண்டல்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கிளினிக்கிலேயே முதல் வேளை கொடுத்து, காது சோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு நானே கூட்டிப் போனேன். காரில் வைத்துச் சொன்னேன், “தம்பி, நான் தப்பாப் பாத்துட்டேன். நீங்க தரையைப் பத்திச் சொல்ல வந்தீங்க, நான் கேக்கல.”

அவர் இடது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, “பரவால்லீங்க மேடம். அவங்க மூணு நாளாத் தப்பாப் பாத்தாங்க. நீங்க ரெண்டு மணி நேரந்தானுங்க,” என்றார். கொஞ்சம் கழித்து, “திரும்ப வருங்களா?” என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே சரியான பதில் அதுதான்.

சனிக்கிழமை வரை தினமும் பார்த்தேன். மாற்றமே இல்லை. மாத்திரையை விடக் கூடாது, திங்கள்கிழமை மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பினேன். ஞாயிறு மத்தியானம் வீட்டில் போன் அடித்தது. பின்னால் மேளமும் ஒரு குழந்தையின் அலறலும் கேட்டன.

“மேடம், காது குத்தியாச்சுங்க. கொழந்தை என் வலது தோள்ல சாஞ்சுட்டு வீல்னு கத்துச்சுங்க. வலது காதுல கேட்டுச்சுங்க மேடம்! தகரத்துல அடிச்ச மாதிரிதானுங்க, ஆனாக் கேட்டுச்சுங்க!”

நான் போனை வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, யார் என்று கேட்டார்.

முழுக்கத் திரும்பவில்லை. பேச்சு வந்தது. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் அந்தக் காதுக்கு வரவே இல்லை, அந்த ‘உஸ்’ மட்டும் போகவே இல்லை. திரும்பாத அந்த மிச்சம் ஹெல்ப்டெஸ்க்கின் மூன்று நாளில் போனதா, என் இரண்டு மணி நேரத்தில் போனதா, யார் என்ன செய்தாலும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். மூக்கு அழுகிற பிள்ளை, ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வரும். காது வாசலில் ஒதுங்கி நிற்கும், போகச் சொன்னால் போய்விடும். அதனால் யார் எந்த நம்பர் ஒட்டி அனுப்பினாலும், போகிற ஆள் வாசலில் தயங்கினால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஃபோர்க்கை டிராயரில் வைக்காதீர்கள், பையில் வையுங்கள். மூக்கை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

அந்த டிக்கெட்டைச் செந்தில் திரும்பத் திறந்தார், விதிப்படி மெயில் போட்டு. அதை மூட இரண்டே வழி இருந்தது. சரியாகிவிட்டது, சரியாகவில்லை. பாதி என்று ஒரு வழி இல்லை. அவர் நேர்மையான பிள்ளை, இரண்டையும் அழுத்தவில்லை. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஒன்பது பத்துக்கு எனக்கு ஒரு மெயில் வரும். ரைட் சைடு ஆடியோ வரவில்லை, உங்கள் டிக்கெட் நிலுவையில் உள்ளது. நான் அங்கே இருந்த மிச்ச வருஷங்கள் முழுக்க வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் முதல் நோயாளியைக் கூப்பிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று ஹெல்ப்டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. “மேடம், உங்க பேர்ல ஒரே ஒரு பழைய டிக்கெட் நிக்குது. நாங்களே க்ளோஸ் பண்ணிடட்டுமா?”

சரோஜா சிஸ்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் போனைப் பிடுங்கி, “நக்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டார்.